மூன்றாவது சத்தம்

லப்பைக்குடிக்காட்டில் ஜன்னத் வீட்டு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நெய்ச்சோறு சாப்பிட்ட மயக்கம் கண்ணில் நிற்கிறது. தலைக்கு மேலே ஃபேன் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேசையில் ஒரு லேப்டாப், அதன் முன்னால் ஒரு சின்ன கீபோர்டு, என் காதில் பெரிய ஹெட்போன். ஒரே ஒரு கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சத்தம் வந்தது. நல்ல சத்தம் என்று சொல்ல மாட்டேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் கோபத்தில் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் இருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

ஜன்னத் என் ஒரு பக்கக் காதிலிருந்து ஹெட்போனைத் தூக்கி, திரையில் இருந்த பெரிய குமிழைக் காட்டி அதைக் குறைக்கச் சொன்னாள். குமிழ் என்றால் படத்தில் வரைந்த குமிழ்தான். பழைய ரேடியோவில் இருக்குமே, அதே மாதிரி வட்டமாக, ஒரு வெள்ளைக் கோடு போட்டு. நான் மவுஸைப் பிடித்து அதன் மேல் வட்டமாகச் சுற்றினேன். கோலம் போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன். வெள்ளைக் கோடு இப்படியும் அப்படியும் துள்ளியதே தவிர, ஒழுங்காக நகரவில்லை.

"சுத்தக்கூடாதுக்கா. புடிச்சு அப்புடியே கீழ இழுங்க" என்றாள்.

வட்டமான குமிழை யாராவது கீழே இழுப்பார்களா என்று எரிச்சலோடுதான் இழுத்தேன். அப்போதுதான் அது நடந்தது.

ஹாரன் சத்தம் மெல்ல மங்கி, தண்ணீருக்குள் இறங்கியது. இன்னும் இழுத்தேன். இன்னும் ஆழத்துக்குப் போனது. சின்ன வயதில் திருவிழா சமயத்தில் கொள்ளிடத்தில் முங்குவோம். கரையில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும். தலை தண்ணீருக்குள் போன நொடியில் அந்த அலறல் ஒரு முனகலாகிவிடும். மூச்சு முட்டி மேலே வந்தால் மறுபடியும் அலறல். எத்தனையோ வருஷம் கழித்து அந்தத் தண்ணீர் என் காதுக்குள் வந்திருந்தது.

குமிழை மேலே தள்ளினேன். தலை வெளியே வந்தது. கீழே இழுத்தேன். மறுபடி உள்ளே போனேன். ஜன்னத் இரண்டு தடவை டீ வேண்டுமா என்று கேட்டாளாம். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இல்லாமல் போனது எது

இந்தத் தொடரில் போன வாரம் திருச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னை அப்படியே விட்டுவிட்டு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சில பேர் கவலைப்பட்டார்களாம். நன்றாகத்தான் இருக்கிறேன். கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை எடுத்தார்கள். காயம் ஆறிவிட்டது. நகை போடாத அன்றைக்கு மட்டும் தழும்பு தெரியும்.

குரல்தான் பழையபடி வரவில்லை. அது யாருடைய தவறும் இல்லை. சில பேருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லித்தான் செய்தார். ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்தபோது, பேசலாம், ஆனால் உச்சத்துக்குப் போகிற குரல் திரும்புவது கஷ்டம் என்றார். அவருக்கு அது ஒரு சாதாரண வாக்கியம். எனக்கு வீடு வந்து சேரும்வரை பஸ் ஜன்னலைத் தவிர வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை.

நான் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஆனால் ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் என்னை யாரும் டீச்சர் என்று சொல்ல மாட்டார்கள். பாட்டுக்கார ஸ்டெல்லா என்றால்தான் தெரியும். தாவணி போட்ட வயதிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும், தேர் புறப்படுவதற்கு முன்னால் மாதாவுக்குப் பாடும் பாட்டை நான்தான் பாடிவந்தேன். ஆர்மோனியமும் நானே வாசிப்பேன். வலது கை கட்டைகள் மேல் ஓடும், இடது கை துருத்தியைத் தள்ளித் தள்ளி விடும். ஐந்தரைக் கட்டை சுருதி, நல்ல உயரம். கடைசிச் சரணத்தில் ராகம் ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே போகும். அந்த இடம் வரும்போது தேர் அலங்காரம் செய்கிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

ஆபரேஷனுக்குப் பிறகு வகுப்பில் பேசுவதற்கே இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கரும் காதோரம் ஒரு மைக்கும் மாட்டிக்கொண்டு போனேன். டிக்கெட் டிக்கெட் என்று சொல்லாத குறைதான். பிள்ளைகள் முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் பழகிவிட்டார்கள். பாட்டு மட்டும் பழகவில்லை. வீட்டில் இருந்த ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டேன். அதன் முன்னால் உட்கார்ந்தாலே பாட்டு தொண்டைக்கு வந்து நிற்கும். வந்து நிற்கிறதை வெளியே விட வழி இல்லை.

அண்ணன் கொண்டுவந்த யோசனை

பாடகர் குழுவுக்குத் தலைவர் என் அண்ணன் சவரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வயல்வேலை முடிந்து குளித்துவிட்டு வந்தால் ராத்திரி சாப்பாடுவரை பாட்டுப் பயிற்சிதான். கோபக்காரர், ஆனால் என்னிடம் மட்டும் கோபத்தைக் காட்டத் தெரியாது.

இந்த வருஷம் நான் வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அரியலூர் வந்து பஸ் மாறி, தோளில் மாங்காய்ப் பையோடு பெரம்பலூரில் என் வீட்டுக்கு வந்து நின்றார். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே வந்த பஸ் போலிருக்கிறது, தலைமுடியெல்லாம் வெள்ளை. மாங்காயைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார்.

அதில் என் குரல் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் திருவிழாவில் ரேடியோ செட்டுக்காரர் பதிவு செய்தது. அண்ணன் சொன்ன யோசனை இதுதான்: நான் வழக்கம்போல ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார வேண்டும். மைக் முன்னால் இருக்க வேண்டும். வாயை அசைக்க வேண்டும். பாட்டு பென்டிரைவிலிருந்து வரும். ஊருக்குத் தெரியாது.

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த டம்ளரைச் சத்தமாக வைத்தேன். என் குரலுக்கு நானே வாயசைக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"வேற யாராச்சும் பாடுனா சனங்க ஒன்னையத்தான் தேடுவாங்க ஸ்டெல்லா. நீ அங்க உக்காந்திருந்தா போதும்" என்றார்.

அவர் அன்பில்தான் சொன்னார், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் போன பிறகு மாங்காய் வெட்டிக்கொண்டே அழுதேன். அங்கே போய் உட்கார்ந்தால் உயிரோடு உட்கார வேண்டும், இல்லாவிட்டால் போகவே கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

பிள்ளை விட்டுப்போன பொருள்

ஜன்னத் எங்கள் பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் டீச்சர். தினமும் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஒரு தடவை வந்தபோது மகனுக்காக அந்தச் சின்னக் கீபோர்டை வாங்கி வந்தார். அதற்குத் தனியாகச் சத்தம் கிடையாது. கம்ப்யூட்டரோடு சேர்த்தால்தான் பேசும். மகன் அதை வைத்துக் கொஞ்ச நாள் விளையாடிவிட்டு, சென்னைக்குப் படிக்கப் போய்விட்டான். அவன் பழைய லேப்டாப்பில் சிந்தசைசர் மென்பொருள் ஒன்று இருந்தது.

மதியச் சாப்பாட்டின்போது அண்ணன் கதையைச் சொல்லி நான் பொரிந்து தள்ளியபோது, அவள் சாம்பார் கிண்ணத்தை மூடிக்கொண்டே சொன்னாள்.

"எங்க வூட்டுக்கு வாங்கக்கா. எனக்குப் பாட்டு தெரியாது, ஒங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு."

அப்படித்தான் அந்த மாடி அறைக்குப் போனேன். அந்த அறையில் எப்போதும் குவைத் அத்தர் வாசனை லேசாக இருக்கும். பீரோ மேல் பிரிக்காத கம்பளிப் போர்வைகள் இருக்கும். பெரம்பலூர் வெயிலில் கம்பளி எதற்கு என்று நான் கேட்டதில்லை. அனுப்புகிறவருக்கு அங்கே ஏசி குளிர், பாவம்.

குமிழ்களின் குணம்

அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். தெரிந்தவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே சத்தம் பிறக்கிற இடங்கள் இருக்கின்றன. எங்களுடையதில் மூன்று. நாங்கள் இரண்டைத்தான் திறந்து வைத்திருந்தோம். ஒன்று ரம்பப் பல் மாதிரி அலை, இன்னொன்று சதுரமான அலை. எட்டாம் வகுப்புப் பாடத்தில் ஒலி அலையைக் கரும்பலகையில் வளைத்து வளைத்து வரைந்திருக்கிறேன். ரம்பப் பல்லுக்கு ஒரு குரல் உண்டு, சதுரத்துக்கு ஒரு குரல் உண்டு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இத்தனை வருஷம் பாடம் நடத்தியதில் எனக்கே இது புதிய பாடம்.

இரண்டையும் ஒரே சுருதியில் வைத்தால் சத்தம் செத்துக் கிடக்கும். ஒன்றை மட்டும் மயிரிழை விலக்கினால் இரண்டும் ஒன்றை ஒன்று உரசி, சத்தம் நடுங்க ஆரம்பிக்கும். உயிர் வந்த மாதிரி இருக்கும். கொஞ்சம் அதிகமாக விலக்கினால் குடித்துவிட்டு வந்த நாதஸ்வரம்.

அட்டாக் என்று ஒரு குமிழ். அது சத்தம் எவ்வளவு வேகமாகக் கிளம்ப வேண்டும் என்பதற்கு. குறைத்து வைத்தால் கீயைத் தொட்டதும் அறைகிற மாதிரி வரும். கூட்டினால் தூக்கத்திலிருந்து எழுந்து வருகிற மாதிரி வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

ரிலீஸ் என்று இன்னொன்று. கையை எடுத்த பிறகும் சத்தம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அதன் கணக்கு. ஆர்மோனியத்தில் விரலை எடுத்தால் முடிந்தது, அங்கே இந்தச் சலுகை இல்லை. ரிலீஸை நான் ஒரேயடியாகக் கூட்டி வைத்தேன். கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாலும் சத்தம் அறைக்குள் நின்றுகொண்டிருந்தது. இனிமேல் பாட்டில் இடைவெளி என்று ஒன்று வராது, யாருக்கும் என் மூச்சு கேட்காது என்று ஒரு நிம்மதி.

ஒரு சத்தத்தைச் செய்து முடித்தால் பெயர் வைத்துச் சேமிக்கலாம். நான் வைத்த பெயர்களைப் பார்த்து ஜன்னத் விழுந்து விழுந்து சிரித்தாள். 'கொள்ளிடம் முங்கல்', 'தொழுதூர் மழை', 'கோபக்கார அண்ணன்'. கடைசியில் சொன்னதில் அட்டாக் ரொம்பக் குறைவு.

சும்மா இருந்த கை

ஒரு குறை மட்டும் தீரவில்லை. என்ன செய்தாலும் அந்தச் சத்தத்துக்கு மூச்சு இல்லை. ஒரே மட்டத்தில் வந்துகொண்டே இருந்தது, ரைஸ் மில் ஓடுகிற மாதிரி.

கண்டுபிடித்தது ஜன்னத்தான். நான் வாசிக்கும்போது என் இடது கை அந்தரத்தில் போய்ப் போய் வருகிறதாம். பார்த்தேன், உண்மைதான். துருத்தி தள்ளிய கை. அதற்கு இங்கே துருத்தி இல்லை என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, பாட்டுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, அந்தக் கையின் மேல் இரக்கமும் வந்தது.

கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. ஜன்னத் திரையில் அந்தப் பெரிய குமிழின் மேல் மவுஸை வைத்து, வலது பக்க பட்டனை அழுத்தி, வந்த வரிசையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சக்கரத்தை ஒரு தடவை உருட்டச் சொன்னாள். உருட்டினேன். திரையில் குமிழ் தானாகத் திரும்பியது. இனிமேல் சக்கரம் எப்படிப் போகிறதோ அப்படிக் குமிழ் போகும்.

என் இடது கைக்கு வேலை கிடைத்தது. தள்ளினால் சத்தம் மலர்ந்தது, விட்டால் அடங்கியது. துருத்தியின் அதே தாளம்தான். ரைஸ் மில் நின்றுபோய், சத்தம் மூச்சு விட ஆரம்பித்தது. அன்றைக்கு மாதா பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். ராகம் ஏறுகிற இடத்தில் சத்தமும் ஏறியது. தொண்டை அடைக்காமல், வலிக்காமல் ஏறியது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டு, பென்டிரைவ் வேண்டாம், நான் வந்து வாசிக்கிறேன் என்றேன். குரல் இல்லாமல் வெறும் மிஷின் சத்தமா என்று கேட்டார். சனங்கள் சிரித்தால் நீ தாங்க மாட்டாய் என்றார். சரி வா, ஆனால் பென்டிரைவைச் செட்டில் சொருகித்தான் வைத்திருப்பேன் என்று முடித்தார்.

தேடியது

அடுத்த வாரம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்பீக்கரில் வாசித்துப் பார்த்தோம். கோயிலில் அப்படித்தானே கேட்கும். ஜன்னத் அதைப் போனில் பதிவு செய்து குவைத்துக்கு அனுப்பினாள். எனக்கும் அனுப்பினாள்.

மறுநாள் வேறு ஒரு வேலையாக அரியலூர் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்டேன். பருத்திக்காடுகள் போய்க்கொண்டிருந்தன. என் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. தாழ்ந்த சத்தம். கொஞ்சம் சொரசொரப்பு. மேலே ராகம் ஏறும்போது அது ஏறாமல் கீழேயே நின்று, ராகத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. என்ன சொல்ல, மற்ற எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

அடுத்த ஞாயிறு போனதும் அதைத்தான் தேடினேன். எந்தக் குமிழ் அந்தச் சத்தத்தைக் கொடுத்தது? இரண்டாவது அலையை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினேன், வரவில்லை. திறக்காமல் வைத்திருந்த மூன்றாவதைத் திறந்து பார்த்தேன், பஸ் ஹாரன்தான் வந்தது. சொரசொரப்புக்காக இரைச்சல் குமிழைக் கொஞ்சம் கூட்டினேன், மழை பெய்கிற மாதிரி இருந்தது. சேமித்து வைத்த பழைய சத்தங்களையெல்லாம் திறந்து பார்த்தேன். எதிலும் அது இல்லை. திருவிழாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜன்னத்தின் மேல் எரிந்து விழுந்தேன், ஏதோ ஒரு பட்டனை நீதான் மாற்றிவிட்டாய் என்று. அவள் என்னை எதையும் தொடாமல் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாங்கு சொல்லும் நேரம் வந்தால் ஜன்னத் லேப்டாப்பின் சத்தத்தை ஒரே விரலில் அணைத்துவிடுவாள். பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில்தான். பாங்கு முடியும்வரை இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். எனக்கும் அது பழகியிருந்தது. எங்கள் ஊரில் கோயில் மணி அடித்தால் நாங்கள் நிற்பதில்லையா, அது மாதிரி.

அன்றைக்கு நான் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சரணம். மாலைத் தொழுகைக்கான அசர் பாங்கு ஆரம்பித்தது. ஜன்னத் வழக்கம்போல சத்தத்தை அணைத்தாள். ரிலீஸ், அட்டாக், ரம்பப் பல், சதுரம், எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டன. பிளாஸ்டிக் கீகள் டக் டக் என்று அடித்துக்கொண்டன.

அந்தச் சத்தம் மட்டும் அறைக்குள் இருந்தது.

தாழ்ந்து, சொரசொரப்பாக, நான் தேடிக்கொண்டிருந்த அதே சத்தம். என் மூடிய வாய்க்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. ஆர்மோனியத்தில் சுருதி பிடிக்கும்போது முனகுவது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம். முனகுகிறேன் என்றே எனக்குத் தெரியாது.

நிறுத்திவிட்டேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே ஜன்னத் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாங்கு நடந்துகொண்டிருந்தது. பேச முடியாது. அந்த நேரம் முழுவதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவள் கண்ணிலும்.

பாங்கு முடிந்தது. அவள் சத்தத்தைத் திரும்பத் திறக்கவில்லை.

"அது கம்ப்யூட்டர்ல இல்லக்கா. ஒங்ககிட்டதான் இருக்கு" என்றாள்.

இரண்டு கட்டை

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது சுலபம். சுருதியை இறக்கும் கட்டுப்பாடு ஒன்று அந்த மென்பொருளில் உண்டு. ஐந்தரைக் கட்டையிலிருந்து இறக்கிக்கொண்டே வந்தேன். நான்கு, மூன்று. இரண்டு கட்டைக்கு வந்தபோது வாயைத் திறந்து பாடினேன். உடைந்த இடம் உடைந்தது. மற்ற இடத்தில் நின்றது. என் பழைய குரல் அல்ல. இப்படி ஒருத்தி எனக்குள் இருந்தாள் என்று எனக்கே தெரியாது.

அண்ணனிடம் சொன்னபோது, இரண்டு கட்டை ஆம்பளை சுருதி இல்லையா என்று கேட்டார். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

திருவிழா அன்றைக்குக் காலையிலேயே நானும் ஜன்னத்தும் கிளம்பினோம். லேப்டாப்பை அவள் மடியில் வைத்துக்கொண்டாள், கீபோர்டு என் மடியில். ஏலாக்குறிச்சிக்குப் போகிற கூட்டத்தில் பஸ் பிதுங்கியது. ஒரு பாட்டியம்மா கீபோர்டைப் பார்த்துவிட்டு, இஸ்திரி போடுகிற பலகையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலப் பூசை முடிந்து, தேருக்கு முன்னால் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். அண்ணன் ரேடியோ செட்டுக்குப் பக்கத்தில் நின்றார். பென்டிரைவ் சொருகியிருந்தது. நான் தடுமாறினால் அழுத்துவதற்கு அவர் விரல் தயாராக இருந்தது. எனக்கு என் இடத்திலிருந்தே தெரிந்தது.

ஆரம்பிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு குமிழைத் தொட்டேன். ரிலீஸ். இத்தனை நாள் உச்சத்தில் வைத்திருந்ததைப் பிடித்துக் கீழே, அடிவரைக்கும் இழுத்துவிட்டேன். ஜன்னத் ஏன் என்று பார்த்தாள். இருக்கட்டும் என்று தலையை அசைத்தேன்.

பாடினேன். முதல் வரியில் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யார் பாடுகிறது என்று எட்டிப் பார்த்தார்கள். ஸ்டெல்லாதான், ஸ்டெல்லாதான் என்று ஒருவருக்கு ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வரிக்கு வரி நடுவில் நான் மூச்சு வாங்குவது ஒலிபெருக்கி முழுவதும் கேட்டது. இடது கை சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. கடைசிச் சரணம் வந்தது. ராகம் ஏறுகிற இடத்தை வலது கையிடம் விட்டுவிட்டேன். அது ஏறட்டும். நான் கீழேயே நின்று அதைத் தாங்கினேன். நடுவில் குரல் ஒருதரம் முறிந்தது. அண்ணனைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

பாடி முடித்துக் கையை எடுத்தேன். சத்தமும் அதே நொடியில் ஓய்ந்தது. பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையில் பூ அப்படியே இருந்தது. பிறகு மணி அடித்தது, தேர் நகர்ந்தது.

கூட்டம் தேரோடு போன பிறகு அண்ணன் வந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வைதான் என்று அவர் சொல்வார். அடுத்த வருஷமும் இரண்டு கட்டைதான் என்று குழுவில் சொல்லிவிட்டாராம், அதற்குத் தகுந்த மாதிரி எல்லாரும் பழக வேண்டுமாம். உத்தரவு போடுகிற குரலில்தான் சொன்னார். பிறகு பென்டிரைவைச் செட்டிலிருந்து பிடுங்கி என் முன்னால் நீட்டினார்.

"இத என்ன பண்றது?"

அவர் உள்ளங்கையில் அது சின்னதாக, கறுப்பாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். கோபம் எதுவும் வரவில்லை. அவர் விரல்களைப் பிடித்து மூடிவிட்டேன்.

"வச்சுக்கங்கண்ணே" என்றேன். "அவ நல்லாப் பாடுவா."